பன்னிரண்டு கணக்குகள், ஒரு குரல்

போன வாரம் உங்கள் ஆசிரியர் கூட்டத்துக்கு என்னை அழைத்திருந்தீர்கள். ஆன்லைன் ஆங்கிலப் பாடம் பற்றி மாணவர்களிடம் வாங்கிய கருத்துகளைத் திரையில் காட்டினீர்கள். எல்லாம் ஐந்து நட்சத்திரம். பக்கத்தில் இருந்த புது ஆசிரியையிடம், இதை எப்படி வாங்கினீர்கள் என்று மெதுவாகக் கேட்டேன். "குரூப்ல லிங்க் போட்டேன் மேடம், முடிச்சிட்டு ஸ்க்ரீன்ஷாட் அனுப்பச் சொன்னேன்" என்றார். அங்கே நான் ஒன்றும் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்த பிறகு, சொல்லியிருக்க வேண்டும் என்று தோன்றியது. அதனால்தான் எழுதுகிறேன்.

நான் ஓய்வு பெறுவதற்கு முந்தைய வருடம் நடந்தது இது.

வல்லம் வடகாலில் கார்களுக்கு ஒயரிங் செய்யும் ஓர் ஆலை. அங்கே பயிற்சியாளர்களாக இருந்த பெண்கள், வேலை பார்த்துக்கொண்டே நம் கல்லூரியில் டிப்ளமோ படித்தார்கள். நாற்பது பேர். பாதிக்கு மேல் தென் மாவட்டங்களிலிருந்து வந்து ஹாஸ்டலில் தங்கியவர்கள். மீதிப் பேர் சுற்றுவட்டாரத்துப் பெண்கள். ஆலையின் பயிற்சிக் கூடத்தில் வாரம் இரண்டு நாள் நான் ஆங்கிலம் எடுத்துக்கொண்டிருந்தேன். பிறகு கல்லூரி ஓர் ஆன்லைன் தளத்தை வாங்கியது. பாடம், வீடியோ, பேச்சுத் தேர்வு எல்லாம் கைபேசியிலேயே. என் வகுப்பு நின்றது. நான் ஒருங்கிணைப்பாளர் ஆனேன். யார் முடித்தார்கள், யார் முடிக்கவில்லை என்று கணினியில் பச்சையும் சிவப்பும் காட்டும். சிவப்பைப் பச்சையாக்குவதுதான் என் வேலை.

எல்லா நிலைகளையும் முடித்தவர்கள்தான் நிரந்தர வேலைக்கான நேர்முகத் தேர்வில் உட்காரலாம் என்று ஆலை விதி வைத்தது. இரண்டு வருட ஒப்பந்தம் முடியப்போகிற பெண்களுக்கு அது சின்ன விஷயமில்லை. தேர்வானால் இங்கே வாழ்க்கை. இல்லையென்றால் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊருக்குப் போக வேண்டும்.

நேர்முகத் தேர்வுக்கு முந்தைய நாள் காலை பத்து மணிக்கு ஆலையின் பயிற்சி மேலாளர் என்னைக் கூப்பிட்டார். மேசையில் ஒரு மின்னஞ்சலின் நகல் இருந்தது. தளத்தை நடத்தும் நிறுவனத்திலிருந்து வந்தது. பன்னிரண்டு பேரின் கணக்குகளில் கடைசி நிலைப் பேச்சுத் தேர்வைப் பேசியிருப்பது ஒரே குரல் என்று எழுதியிருந்தார்கள்.

"மேடம், அந்தக் குரல் யாருன்னு எனக்குத் தெரியணும்," என்றார். "மூணு மணிக்கு உங்க பிரின்சிபாலும் வர்றார். பன்னெண்டு பேரையும் நாளைக்கு லிஸ்ட்லருந்து எடுத்துடலாம். குரல் குடுத்த பொண்ணை மட்டும் ட்ரெயினிங்லருந்தே அனுப்பணும். நீங்க அடையாளம் சொல்லிக் கையெழுத்து போட்டா போதும்."

நான் சரி என்றேன். அந்த நேரத்தில் என் மனத்தில் இருந்தது கோபம் மட்டும்தான். இரண்டு மாதத்துக்கு முன்தான் இவர்களின் கருத்துப் படிவங்களை அதே அறையில் படித்துக் காட்டிப் பாராட்டு வாங்கியிருந்தேன். இப்போது என்னைத் தலைகுனிய வைத்துவிட்டார்களே என்று இருந்தது.

பயிற்சிக் கூடத்தில் தனியாக உட்கார்ந்து பதிவுகளைக் கேட்டேன். இரண்டாவது பதிவிலேயே குரல் பிடிபட்டுவிட்டது. வாக்கியத்தின் கடைசிச் சொல்லைச் சற்றே இழுத்து மேலே தூக்கும் குரல். செல்வராணி. பன்னிரண்டு கணக்குகளில் ஒன்று அவளுடையதே. சங்கரன்கோவில் பக்கத்துப் பெண். ஒயர் முனைகளைச் சோதிக்கும் பெஞ்சில் இருந்தாள். வகுப்பு நடந்த காலத்தில் தப்போ சரியோ எழுந்து நின்று பேசக்கூடியவள் அவள் ஒருத்திதான். எல்லாப் பதிவுகளிலும் பின்னால் ஒரு பஸ் ரிவர்ஸ் எடுக்கும் பீப் சத்தம் கேட்டது.

அவளை உற்பத்தி லைனிலிருந்து வரவழைத்தேன். கையுறையைக் கழற்றி மடித்துப் பிடித்துக்கொண்டு வந்து நின்றாள். உட்காரச் சொல்லவில்லை. பதிவை ஓடவிட்டேன்.

"இது யார் குரல்?"

"என் குரல்தான் மிஸ்."

மறுப்பாள் என்று எதிர்பார்த்து, அதற்குத் தகுந்த கேள்விகளை வைத்திருந்தேன். எல்லாம் வீணாயிற்று. ஒரு வெள்ளைத் தாளை நகர்த்தி, யார் யாருக்குப் பேசினாய் என்று எழுதிக் கையெழுத்துப் போடு என்றேன்.

"நான் பேசினேன்னு எழுதித் தாரேன் மிஸ். அவளுவ பேர எழுத மாட்டேன்."

"பேர் எல்லாம் மெயிலிலேயே வந்திருக்கிறது."

"அப்ப நான் எதுக்கு எழுதணும்?"

எனக்குக் குரல் உயர்ந்துவிட்டது. உங்களுக்கு எவ்வளவு நல்ல வசதி செய்து கொடுத்தது கல்லூரி, நீங்களே ஐந்து நட்சத்திரம் கொடுத்துப் பாராட்டினீர்கள், கடைசியில் இப்படி ஏமாற்றுவதற்கு வெட்கமாக இல்லையா என்று கேட்டேன்.

அவள் கையுறையை மேசை மேல் வைத்தாள். பிறகு, லாக்கரிலிருந்து போனை எடுத்து வர அனுமதி கேட்டாள். எடுத்து வந்து, எங்கள் வாட்ஸ்அப் குரூப்பில் மேலே மேலே தள்ளி ஓர் இடத்தில் நிறுத்தி என் முன்னால் வைத்தாள்.

என் பெயரில் வந்திருந்த செய்தி அது. "கருத்துப் படிவம் இன்று மாலைக்குள். எல்லாரும் ஐந்து நட்சத்திரம் கொடுக்கவும். குறைத்துக் கொடுத்தால் நம் பேட்ச்சுக்குத்தான் கெட்ட பெயர்."

நான்தான் அனுப்பியிருந்தேன். சத்தியமாக எனக்கு நினைவே இல்லை. ஏதோ ஒரு மாலை, பஸ்ஸில் வந்துகொண்டே தட்டிய ரெண்டு வரி.

"நாங்களா குடுத்த ஸ்டார் இல்ல மிஸ் அது," என்றாள் செல்வராணி. அவள் குரலில் கோபம் இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

அப்போது மணி பதினொன்று ஆகியிருந்தது. நாற்காலியை இழுத்து உட்காரச் சொன்னேன். ஏன் என்று முதல் முறையாகக் கேட்டேன்.

"ஹாஸ்டல்ல ஒரு ரூமுக்கு எட்டுப் பேரு இருக்கோம். நாலு பேரு ராத்திரி ஷிப்ட் முடிச்சிட்டுப் பகல்ல தூங்குவாளுவ. அங்க எப்படி மிஸ் சத்தமாப் பேச? மெதுவாப் பேசினா போனு ஒத்துக்காது. மாடிக்குப் போனா வார்டன் விடாது. பாத்ரூம்ல நின்னு பேசினா வெளிய கதவத் தட்டுதாவ. ஷிப்ட் விட்டதும் பஸ்ஸு எடுக்க முன்ன பத்து நிமிசம் கெடைக்கும். நான் கடைசி சீட்டுல போயி இருந்து பேசிருவேன். எனக்குக் கூச்சம் கெடையாது. அவளுவளுக்கு ஆளு இருந்தா வாய் வராது. நாள் முடியப்போவுதுன்னு அழுதாளுவ. நானே பேசிக் குடுத்துட்டேன்."

"அவர்களுக்குப் பேசத் தெரியாது, அப்படித்தானே?"

"தெரியாதுன்னு யாரு சொன்னா? பேச எடந்தான் இல்ல."

நான் முழுவதும் நம்பவில்லை. பட்டியலில் இருந்த இன்னொரு பெண்ணையும் வரவழைத்தேன். ஜெனிஃபர். சுங்குவார்சத்திரம் பக்கத்துப் பெண். ஹாஸ்டல் இல்லை, வீட்டிலிருந்து வருகிறவள். உனக்கென்ன கஷ்டம் என்று கேட்டேன். செல்வராணியைப் பார்த்ததுமே அவளுக்கு விஷயம் புரிந்து முகம் வெளுத்துவிட்டது.

"வூட்ல ஒரே ரூம் மிஸ். டிவி ஓடிகினே இருக்கும். நான் இங்கிலீஷ்ல பேசுனா எங்க அண்ணன் கலாய்ப்பான். வெளிய போய் பேசுனா தெருவே பாக்குது. இன்னா பண்றது?"

என் எதிரில் பேசிக்காட்டச் சொன்னேன். விமான நிலையத்தில் பயணிகள் வாயிலில் காத்திருக்கிறார்கள் என்பது வாக்கியம். பேசினாள். ஒவ்வொரு சொல்லும் எனக்குப் புரிந்தது. போன் சிவப்புக் காட்டியது. மறுபடி பேசினாள். மறுபடியும் சிவப்பு. மூன்றாவது தடவையும் சிவப்புதான். என்ன தப்பு என்று போன் சொல்லவில்லை. நான் வாங்கி நானே பேசிப் பார்த்தேன். எனக்கும் முதல் தடவை சிவப்புதான். இரண்டாம் தடவை, தொலைக்காட்சியில் செய்தி வாசிக்கிறவர் மாதிரி செயற்கையாகப் பேசியதும் பச்சை வந்தது.

இவ்வளவு மாதமாக அந்தத் தளத்தின் பேச்சுத் தேர்வை நான் ஒரு முறைகூடச் செய்து பார்த்ததில்லை.

இருவரையும் லைனுக்கு அனுப்பிவிட்டேன். மூன்று மணிக்கு என்ன சொல்வது என்று தெரியவில்லை. பேரைச் சொல்லிக் கையெழுத்துப் போட்டால் என் வேலை முடிந்தது. அந்தச் செய்தியைப் பற்றி யாருக்கும் தெரிய வேண்டாம். ஓய்வுக்கு ஒரு வருடம்கூட இல்லை. இதையெல்லாம் நான் யோசித்தேன். யோசிக்கவே இல்லை என்று சொன்னால் பொய்.

பன்னிரண்டரைக்குச் சாப்பாட்டு மணி அடித்தது. அன்று வேலையில் இருந்த என் மாணவிகளைக் கேன்டீனின் ஒரு ஓரத்தில் உட்கார வைத்தேன். ஆளுக்கு ஒரு துண்டுத் தாள் கொடுத்தேன். ஆங்கிலம் படிக்கும் இந்த ஆப்பைப் பற்றி மனத்தில் இருப்பதைத் தமிழில் எழுதுங்கள், பெயர் வேண்டாம், எழுதிவிட்டு மடித்து இந்த டிபன் பாத்திரத்தில் போடுங்கள் என்று சொல்லிவிட்டு வெளியே போய்ப் பைப்படியில் நின்றேன். நான் அங்கே நின்றால் எழுத மாட்டார்கள் என்பது அன்றைக்குத்தான் புரிந்திருந்தது.

பிறகு அந்தத் தாள்களைப் பயிற்சிக் கூடத்தில் பிரித்துப் படித்தேன். எல்லாம் குறையாகத்தான் இருக்கும் என்று நினைத்தேன். அப்படி இல்லை.

"மிஷின் சிரிக்காது. வகுப்பில் தப்பாகச் சொன்னால் சிரிப்பார்கள். எனக்கு ஆப் பிடிக்கும்" என்று ஒருத்தி எழுதியிருந்தாள். இன்னொருத்தி, நிறுத்தி நிறுத்திப் பத்துத் தடவை கேட்டதால்தான் தனக்கு இலக்கணம் பிடிபட்டது என்று எழுதியிருந்தாள். "விமான நிலையம், ஓட்டல், மியூசியம் என்றே வருகிறது. ஒயர் முனையில் உள்ள பின் சரியாக உட்காரவில்லை என்று சோதிக்க வரும் வெளிநாட்டு சாரிடம் எப்படிச் சொல்வது? அதற்கு ஒரு பாடமும் இல்லை" என்றது ஒரு தாள். "ஓவர்டைம் முடித்து வந்து வீடியோவை ஓடவிட்டுத் தூங்கிவிடுவேன். பச்சை வந்துவிடும்" என்றது இன்னொன்று. தப்பு என்று சொல்கிறதே தவிர ஏன் தப்பு என்று சொல்வதில்லை என்று ஏழெட்டுப் பேர் எழுதியிருந்தார்கள்.

ஒரு தாளில் இப்படி இருந்தது: "முன்பு மிஸ் எங்களைப் பார்த்துப் பாடம் எடுத்தார்கள். இப்போது எங்கள் பச்சையையும் சிவப்பையும் பார்க்கிறார்கள்."

இன்னொன்றில் ஒரே வரி. "உண்மையை எழுதினால் என்ன செய்வீர்கள்?"

மூன்று மணிக்கு மேலாளர் அறைக்குப் போனேன். நம் கல்லூரி முதல்வர் வந்திருந்தார். குரல் செல்வராணியுடையது, அவளே ஒப்புக்கொண்டாள் என்று முதலில் சொல்லிவிட்டேன். மறைத்துப் பயனில்லை. பிறகு தாள்களை மேசையில் வைத்தேன். அவற்றுக்கு மேல், என் போனில் அந்தச் செய்தியைத் திறந்து வைத்தேன்.

முதல்வர் அதைப் படித்துவிட்டு என்னைப் பார்த்தார். "இது இப்ப எதுக்கும்மா?" என்றார் தணிந்த குரலில்.

மேலாளர் கெட்டவர் இல்லை. அவர் சொன்னதை உங்களுக்கு அப்படியே சொல்ல வேண்டும். "மேடம், எங்க லைன்ல ஒரு பின் சரியா உட்காரலேன்னா நாளைக்கு ரோட்ல ஒரு கார் எரியும். பாக்காமலே செக் ஷீட்ல டிக் போடற ஆளை நான் எப்படி நிரந்தரமாக்கறது? ஒருத்தருக்காக இன்னொருத்தர் டிக் போடறதும் அதேதான்."

அவர் சொன்னது சரி. என்னால் சொல்ல முடிந்தது ஒன்றுதான்.

"சார், முதல்ல பாக்காம டிக் போட்டது நான். அந்தப் பொண்ணுங்க மனசுல இருந்ததை எழுத விட்டிருந்தா, ரெண்டு மாசம் முன்னாடியே இது உங்க மேசைக்கு வந்திருக்கும். பேச ஒரு இடம் குடுத்திருப்பீங்க. பேசத் தெரியுமா இல்லையான்னுதானே பாக்கணும்? இப்பவே பாருங்க. அவங்கவங்க பெஞ்சுக்கு நீங்களே வாங்க. தரம் சோதிக்க வர்ற வெளிநாட்டு ஆடிட்டர் மாதிரி கேள்வி கேளுங்க. அஞ்சே காலுக்குத்தான் பஸ்."

அவர் கடிகாரத்தைப் பார்த்தார். முதல்வரைப் பார்த்தார். தங்கள் கணக்கில் தாங்களே பேசாத மற்றப் பதினொரு பேரையும் அப்படிச் சோதிக்கச் சம்மதித்தார். "ஆனா குரல் குடுத்த பொண்ணு நாளைக்கு உட்கார முடியாது. ட்ரெயினிங்லருந்து அனுப்பல. அதுவே பெரிசு."

"அவதான் சார் எல்லாரையும் விட நல்லா பேசுவா," என்றேன்.

"அதனாலதான் மேடம்."

ஒரு முறைதான் கேட்டேன். இன்னொரு முறை அழுத்திக் கேட்டால் பதினொரு பேருக்குக் கிடைத்ததும் போய்விடுமோ என்று பயந்தேன். அந்தப் பயம் சரிதானா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

மூன்றே முக்காலுக்குத் தொடங்கினோம். பதினொரு பேரும் அன்று பகல் ஷிப்ட்டில் இருந்தார்கள். லைன் ஓடிக்கொண்டிருந்தது. முன்கூட்டியே யாருக்கும் சொல்லக் கூடாது என்பது நிபந்தனை. மேலாளர் ஒவ்வொரு பெஞ்சிலும் நின்று, ஒரு பழுதான ஒயர்க்கட்டை நீட்டி, ஆங்கிலத்தில் இது என்ன என்று கேட்பார். நான் இரண்டடி தள்ளி நிற்க வேண்டும். வாயைத் திறக்கக் கூடாது.

முதல் பெண் பேசவே இல்லை. ஒயரையே பார்த்துக்கொண்டு நின்றாள். மேலாளர் தாளில் ஒரு கோடு போட்டுவிட்டு நகர்ந்தார். எல்லாரும் இப்படியே நின்றால், மேலாளரை நான் இங்கே அழைத்து வந்தது இவர்களை இன்னும் பெரிதாக அவமானப்படுத்தியதாகிவிடும்.

இரண்டாவது ஜெனிஃபர். ஒயர்க்கட்டைக் கையில் வாங்கித் திருப்பினாள்.

"சார், திஸ் பின் நாட் லாக்டு. நோ கிளிக் சவுண்ட்."

அப்படியானால் என்ன செய்வாய் என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

"ஐ ஸ்டாப். ஐ கால் லைன் லீடர்."

நிறுத்தினால் உன் இலக்கு போய்விடுமே?

அவள் திணறினாள். உதட்டைக் கடித்தாள். பிறகு சொன்னாள்: "டார்கெட் நெக்ஸ்ட் அவர் ஆல்சோ கம், சார். பேட் பின் கோ டு கார்."

இலக்கணப்படி அதில் நாலு பிழை இருக்கும். அந்தத் தளம் சிவப்புதான் காட்டியிருக்கும். மேலாளர் அவளைச் சற்று நேரம் பார்த்துவிட்டு, தாளில் எதையோ எழுதினார். அது கோடு இல்லை.

பதினொரு பேரில் எட்டுப் பேர் தேறினார்கள். மூன்று பேரால் பேச முடியவில்லை. அந்த மூன்று பேருக்கு உண்மையிலேயே வரவில்லை. இடம் கொடுத்திருந்தாலும் வந்திருக்குமா என்பது வேறு கேள்வி. அந்தக் கேள்விக்கு நேரம் கடந்துவிட்டது.

அறைக்குத் திரும்பும்போது மேலாளரிடம், நடந்ததை எழுதும் அறிக்கையில் என் செய்தியையும் சேர்க்கச் சொன்னேன். "அது தேவையில்லை மேடம், விடுங்க" என்றார். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். ஒரே நாளில் இரண்டு பேரின் தப்பு வெளியே வந்தது. ஒருத்திக்கு வாய்ப்புப் போயிற்று. எனக்கு, விடுங்க.

ஐந்து மணிக்குப் பஸ் நிற்கும் இடத்தில் செல்வராணியைத் தேடிப் போய்ச் சொன்னேன். அதை வேறு யாரிடமும் சொல்லி அனுப்ப எனக்கு மனம் வரவில்லை.

"சரி மிஸ்," என்றாள். "மத்தவளுவ?"

"எட்டுப் பேர் நாளைக்கு உட்காரலாம்."

"மூணு பேரு யாரு?"

சொன்னேன். தலையாட்டிவிட்டுப் பஸ்ஸில் ஏறினாள். அந்த மூன்று பேரும் இருந்த இடத்துக்குப் போய், நடுவில் இருந்தவளைக் கொஞ்சம் தள்ளி உட்காரச் சொல்லி உட்கார்ந்துகொண்டாள்.

மறுநாள் காலையில் நானே கல்லூரிக்கு ஒரு கடிதம் எழுதினேன். நான் அனுப்பிய செய்தியை அப்படியே எழுதி, அதனால் எங்கள் பழைய கருத்து அறிக்கை செல்லாது என்றும் எழுதினேன். துண்டுத் தாள்களில் இருந்ததைத் தட்டச்சு செய்து இணைத்தேன். முதல்வருக்கு என் மேல் வருத்தம். சில வாரம் சரியாகப் பேசவில்லை. ஆனால் தளத்தை நிறுத்தவில்லை. நானும் நிறுத்தச் சொல்லவில்லை. சிரிக்காத மிஷின் வேண்டும் என்று எழுதிய பெண்ணும் என் மாணவிதான். வாரம் ஒரு நாள் வகுப்பு திரும்பி வந்தது. பயிற்சிக் கூடத்தை ஒட்டி, அட்டைப் பெட்டி அடுக்கியிருந்த ஒரு அறையைக் காலி செய்து, பஸ்ஸுக்கு முந்தைய அரை மணி நேரம் பேசிப் பழகத் திறந்துவிட்டார் மேலாளர். அந்த எட்டுப் பேரில் ஜெனிஃபர் உட்பட ஐந்து பேர் அந்த முறை நிரந்தர வேலைக்குத் தேர்வானார்கள்.

செல்வராணி அந்த அறைக்கு ஒரு நாளும் வரவில்லை. வகுப்பில் வந்து உட்கார்வாள். கேட்டால் பதில் சொல்வாள். தானாக எழுந்து நின்று பேசியதை அதற்குப் பிறகு நான் பார்க்கவில்லை. ஒப்பந்தம் முடிந்ததும் ஒரகடத்தில் வேறோர் ஆலையின் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் சேர்ந்துவிட்டதாக ஜெனிஃபர் சொன்னாள். தானாகப் போய் நேர்முகத் தேர்வில் உட்கார்ந்து வாங்கிய வேலை. நான் உதவினேன் என்று சொல்லிக்கொள்ள அதில் ஒன்றும் இல்லை.

இனி உங்களுக்கு. மாணவர்களின் கருத்தைக் கேட்கும்போது நீங்கள் அந்த அறையில் இருக்காதீர்கள். அவர்கள் எழுதுவதற்கு முன்னால், என்ன எழுத வேண்டும் என்று ஒரு வார்த்தைகூடச் சொல்லாதீர்கள். அவர்களுக்குக் கொடுக்கும் பாடத்தை, அவர்கள் படிக்கும் இடத்தில், அவர்கள் கையிலிருக்கும் அதே போனில் ஒரு முறை நீங்களே செய்து பாருங்கள். தவறு வெளியே வந்தால், மாணவியை அழைப்பதற்கு முன்னால் நீங்கள் அனுப்பிய செய்திகளை எடுத்துப் படியுங்கள். நான் அதைச் செய்திருந்தால், அன்று காலை அவளை நிற்க வைத்திருக்க மாட்டேன்.

ஓய்வு பெற்ற பிறகு ஒருநாள் செல்வராணிக்குப் போன் செய்தேன். வேலை எப்படி, ஊரில் எல்லாரும் சுகமா என்று பேசினோம். "நல்லா இருக்கேன் மிஸ்" என்றாள். என் மேல் வருத்தம் இருக்கிறதா என்று கேட்க நினைத்துத்தான் போன் செய்தேன். ஆனால் கேட்கவில்லை. இல்லை மிஸ் என்றுதான் அவள் சொல்வாள். அது உண்மையா என்று தெரிந்துகொள்ள எனக்கு வழியில்லை.